கோடெக் பேக்கா, வேறு மென்பொருளா, நாமே எம்பெக்-2 ஆக்குவதா? டிவிடிக்கு மாற மறுக்கும் கோப்புகளுக்கு எந்த வழி

வீடியோ கோப்பைச் சொடுக்கினால் விஎல்சி ப்ளேயரில் பளிச்சென்று ஓடுகிறது. அதே கோப்பை டிவிடி தயாரிக்கும் மென்பொருளுக்குள் இழுத்துப் போட்டால் "தேவையான கோடெக் இல்லை" என்று ஒரு பெட்டி வந்து நிற்கிறது (கோடெக் என்பது படத்தையும் ஒலியையும் சுருக்கும் முறை; அப்படிக் கட்டவும் பிரிக்கவும் தெரிந்த நிரலுக்கும் அதே பெயர்). சில நேரம் பெட்டிகூட வராது. படம் கருப்பாக இருக்கும், ஒலி மட்டும் கேட்கும். அல்லது படம் ஓடும், ஒலி இருக்காது. உடனே தேடுபொறியில் "கோடெக்" என்று தட்டி, கண்ணில் படும் முதல் கோடெக் பேக்கை இறக்கி நிறுவுவதுதான் பலரும் செய்வது. நானும் பல காலம் அதைத்தான் செய்தேன். இன்று கேட்டால், கோப்பை டிவிடிக்குக் கொண்டுபோக இருக்கும் வழிகளில் அதைக் கடைசியில்தான் வைப்பேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். விஎல்சியில் ஓடுகிறது என்பதால், கணினியில் அந்தக் கோடெக் இருக்கிறது என்று ஆகிவிடாது. விஎல்சி தனக்கு வேண்டிய டிகோடர்களை, அதாவது பிரிக்கும் நிரல்களை, தன் மூட்டையிலேயே கட்டிக்கொண்டு வருகிறது. விண்டோஸில் என்ன நிறுவியிருக்கிறது என்று அது கேட்பதே இல்லை. பழைய டிவிடி மென்பொருள்கள் அப்படியல்ல. டைரக்ட்ஷோ வழியாகவோ, அதற்கும் முந்தைய வீடியோ ஃபார் விண்டோஸ் வழியாகவோ, "இந்தக் கோப்பைப் பிரிக்கத் தெரிந்தவர் யாராவது உண்டா?" என்று விண்டோஸிடம் கேட்கும். யாரும் கை தூக்காவிட்டால் பிழைச் செய்தி. ஒரே கணினி, ஒரே கோப்பு, இரண்டு மென்பொருள்களில் இரண்டு விதமான பதில் வருவது இதனால்தான்.

கோப்பின் பெயருக்குப் பின்னால் இருக்கும் ஏவிஐ, எம்கேவி, எம்பி4 எல்லாம் டப்பாவின் பெயர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று டப்பா சொல்லாது. ஏவிஐ டப்பாவுக்குள் டிவ்எக்ஸ் இருக்கலாம், எக்ஸ்விட் இருக்கலாம், வீடியோ கேமராவிலிருந்து வந்த டிவி (DV) வகை இருக்கலாம். எம்பி4-க்குள் எச்.264 இருக்கும் என்று நம்பித் திறந்தால் எச்.265 உட்கார்ந்திருக்கும். ஆகவே "என் மென்பொருள் எம்பி4 ஆதரிக்கும் என்று போட்டிருக்கிறதே" என்று வாதாடிப் பயனில்லை.

டிவிடியின் பக்கமோ சட்டம் கறார். படம் எம்பெக்-2 என்ற சுருக்கு முறையில் இருக்க வேண்டும் (பழைய எம்பெக்-1-க்கும் இடம் உண்டு). பால் (PAL) என்ற டிவி முறையில் 720-க்கு 576 புள்ளிகள், நொடிக்கு 25 ஃப்ரேம். என்டிஎஸ்சி (NTSC) என்ற இன்னொரு டிவி முறையில் 720-க்கு 480, நொடிக்கு 29.97 ஃப்ரேம். படத்துக்கு நொடிக்கு 9.8 மெகாபிட் உச்சவரம்பு. ஒலி 48 கிலோஹெர்ட்ஸில், பெரும்பாலும் ஏசி-3 என்ற ஒலி வடிவமாக. ஆக, எந்தக் கோப்பு வந்தாலும் அதைப் பிரித்து, பிறகு இந்தச் சட்டத்துக்குள் மறுபடி கட்ட வேண்டும். பிரிக்கும்போது வரும் சிக்கல் வேறு, கட்டும்போது வரும் சிக்கல் வேறு. கோடெக் நிறுவினால் தீரக்கூடியது முதல் வகை மட்டுமே. இரண்டாவது வகைக்குக் கோடெக் பேக் போடுவது, கால்வலிக்குக் கண் மருந்து போடுவது மாதிரி.

எங்கே உடைகிறது என்று பார்த்துவிட்டு வழியைத் தேர்ந்தெடுங்கள்

மீடியாஇன்ஃபோ என்ற இலவசக் கருவியில் கோப்பைத் திறந்து பாருங்கள். இரண்டு நிமிட வேலைதான், பல மணி நேரம் மிச்சமாகும். அங்கே நான் பார்ப்பது: படத்தின் கோடெக், பிட் ஆழம் 8-ஆ 10-ஆ, ஃப்ரேம் வேகம் நிலையானதா மாறுவதா, ஒலியின் கோடெக், ஒலியின் சாம்பிள் வேகம்.

மென்பொருள் கோப்பைத் திறக்கவே மறுத்தால், அல்லது படம், ஒலி இரண்டில் ஒன்று மட்டும் வந்தால், அது பிரிக்கும் இடத்துச் சிக்கல். பெரும்பாலும் கோடெக்தான் காரணம். ஆனால் எப்போதும் அல்ல. பதிவு செய்துகொண்டிருக்கும்போதே பேட்டரி தீர்ந்துபோன எம்பி4 கோப்பில், எந்தத் துண்டு எங்கே இருக்கிறது என்று சொல்லும் அட்டவணைப் பகுதி எழுதப்படாமல் போயிருக்கும். மென்பொருள் அதற்கும் "ஆதரிக்கப்படாத வடிவம்" என்றுதான் சொல்லும். விஎல்சியிலும் ஓடாத எம்பி4 என்றால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள். விலைக்கு வாங்கி இறக்கிய, பூட்டுப் போட்ட கோப்புகளும் இப்படியே பொய்ச் செய்தி கொடுக்கும். அவற்றுக்கு எந்தக் கோடெக்கும் உதவாது.

கோப்பு திறக்கிறது, மாற்றமும் முடிகிறது, ஆனால் வசனம் ஒரு பக்கம் உதடு ஒரு பக்கம் என்று போகிறதா? இங்கே ஒரு நுட்பம் உண்டு. தொடக்கம் முதல் கடைசி வரை ஒரே அளவு பிசகு என்றால் அது வெறும் தாமதம், ஒலியைத் தள்ளி வைத்தால் சரியாகிவிடும். முதலில் சரியாக இருந்து, போகப் போகப் பிசகு கூடினால் காரணம் வேறு. கைபேசி எடுத்த வீடியோவில் ஃப்ரேம் வேகம் ஒரே சீராக இருக்காது. வெளிச்சம் குறைந்தால் கேமரா வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். டிவிடிக்கோ அசையாத 25 அல்லது 29.97 வேண்டும். இந்த வேறுபாட்டைக் கவனிக்காத மென்பொருள் படத்தை ஒரு கணக்கிலும் ஒலியை இன்னொரு கணக்கிலும் போட்டுவிடும். பழைய ஏவிஐ என்றால், மாறும் பிட்ரேட்டில் (நொடிக்கு எத்தனை பிட் என்ற அளவு) செய்த எம்பி3 ஒலி இதே வேலையைச் செய்யும்.

வட்டு உருவாகி, கணினியில் ஓடி, டிவி பக்கத்தில் இருக்கும் ப்ளேயர் மட்டும் ஏற்க மறுத்தால், அது கட்டும் இடத்துச் சிக்கல். பிட்ரேட் வரம்பு மீறியிருக்கலாம், ஒலி 44.1 கிலோஹெர்ட்ஸிலேயே இருந்திருக்கலாம். ப்ளேயருக்குப் புரியாத முறையில் என்டிஎஸ்சி வட்டு போட்டிருக்கலாம். அல்லது வட்டே மோசமாக இருக்கலாம்.

கோடெக் நிறுவுவது

இந்த வழியின் கவர்ச்சி புரிகிறது. பழகிய மென்பொருளை விட வேண்டாம், அதன் மெனு வடிவங்கள் கையில் இருக்கின்றன, ஒரு நிறுவல்தானே.

ஆனால் கோடெக் பேக் என்பது ஒரு கோடெக் அல்ல, ஒரு கூட்டம். அந்தக் கூட்டத்தில் எச்.264-ஐப் பிரிக்கத் தெரிந்தவர் மூன்று பேர் இருப்பார்கள். டைரக்ட்ஷோ ஒவ்வொருவருக்கும் ஒரு முன்னுரிமை எண் வைத்திருக்கிறது. எண் பெரிதாக இருப்பவரைத்தான் கூப்பிடும். அவர் உங்கள் மென்பொருளோடு ஒத்துப்போகிறவரா என்பதெல்லாம் அதற்குக் கவலையில்லை. ஒரு பழைய கணினியில் இரண்டு பேக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுவினேன். திறக்காத கோப்பு திறந்தது. அதுவரை ஒழுங்காகத் திறந்துகொண்டிருந்த கேமராக் கோப்புகள் தலைகீழாகத் தெரியத் தொடங்கின. இரண்டையும் நீக்கியும் சரியாகவில்லை. நீக்கும்போது அவை விண்டோஸில் விட்டுப்போன பதிவுகளே கெடுக்கப் போதுமானதாக இருந்தன. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்டு, குத்துகிறதே குடைகிறதே என்று புலம்பிய கதைதான்.

இன்னொரு பொறி 32 பிட், 64 பிட் விவகாரம். 32 பிட் மென்பொருளால் 32 பிட் கோடெக்கை மட்டுமே அழைக்க முடியும். உங்கள் விண்டோஸ் 64 பிட் என்பதற்காக 64 பிட் கோடெக்கை நிறுவினால், பழைய டிவிடி மென்பொருளின் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. "நிறுவிவிட்டேன், ஆனாலும் அதே பிழை" என்று சொல்பவர்களில் கணிசமானவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். நிறுவ வேண்டியது கணினிக்கு ஏற்றதல்ல, மென்பொருளுக்கு ஏற்றது.

எம்ஓவி கோப்புகளுக்கு விண்டோஸில் குயிக்டைம் நிறுவச் சொல்லும் பழைய குறிப்புகள் இன்னும் உலவுகின்றன. ஆப்பிள் விண்டோஸ் குயிக்டைமை 2016-இல் கைவிட்டுவிட்டது. பாதுகாப்பு ஓட்டைகளோடு அப்படியே நின்றுபோன மென்பொருள் அது. வேண்டாம்.

கோடெக் வழிதான் வேண்டும் என்றால் பேக்கை விட்டுவிட்டுத் தேவையான ஒன்றை மட்டும் நிறுவுங்கள். எல்ஏவி ஃபில்டர்ஸ் என்ற ஒரே தொகுப்பு பெரும்பாலான படம், ஒலி வகைகளைப் பிரித்துவிடும். அதன்மேல் வேறெதையும் அடுக்காமல் இருந்தால் சண்டை வராது. ஆனால் வீடியோ ஃபார் விண்டோஸை மட்டுமே நம்பும் மென்பொருளுக்கு அதுவும் கண்ணில் படாது. பழைய ஏவிஐ என்றால் சில நேரம் கோடெக்கே தேவைப்படாது. கோப்பின் தலைப்பில் ஃபோர்சிசி என்ற நாலெழுத்துக் குறி இருக்கும். எக்ஸ்விட், டிவ்எக்ஸ் 5 இரண்டும் ஒரே எம்பெக்-4 குடும்பம் என்பதால், குறியை மட்டும் மாற்றினால் இருக்கும் டிகோடரே அதைத் திறந்துவிடும். டிவ்எக்ஸ் 3-க்கு இந்த வித்தை பலிக்காது. அது மைக்ரோசாஃப்ட்டின் வேறொரு கோடெக்கை உடைத்து உருவானது, பெயர் மட்டும்தான் ஒன்று.

டிகோடரைத் தன்னுள் வைத்திருக்கும் மென்பொருளுக்கு மாறுவது

எஃப்எஃப்எம்பெக் என்ற திறந்த மூலத் தொகுப்பு ஏறக்குறைய எல்லா வகையையும் பிரிக்கும், பலவற்றைக் கட்டவும் செய்யும். விஎல்சியின் வயிற்றுக்குள்ளும் இதன் டிகோடர்கள்தான் பெரும்பங்கு. இதை உள்ளே வைத்துக்கொண்ட டிவிடி மென்பொருளைத் தேர்ந்தெடுத்தால், விண்டோஸில் எந்தக் கோடெக் இருக்கிறது என்ற கேள்வியே எழாது. கோடெக் சிக்கலோடு வரும் பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு நான் சொல்வது இதைத்தான்.

டிவிடிஸ்டைலர் இந்த வகை. இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், மெனு வடிவமைக்கலாம், வசனவரி சேர்க்கலாம். இடைமுகம் கொஞ்சம் முரடு. பொத்தான்களை நகர்த்தி வைப்பதற்குள் பொறுமை சோதிக்கப்படும். மெனு எளிதாக இருந்தால் போதும் என்பவருக்கு ஒரு பகல் போதும்.

டிவிடி ஃப்ளிக் பெயரும் இன்னும் பல இடங்களில் பரிந்துரைக்கப்படுகிறது. எளிமையில் அதற்கு ஈடு குறைவு. ஆனால் அதன் கடைசிப் பதிப்பு 2009-இல் வந்தது. எச்.265 தரநிலையே 2013-இல்தான் வெளியானது. பிறக்காத பிள்ளையை அதற்கு எப்படி அடையாளம் தெரியும்? பழைய ஏவிஐ, சாதாரண எச்.264 கோப்புகளுக்கு அது இன்றும் உழைக்கும். புதிய கைபேசிக் கோப்புகளோடு அதனிடம் போகாதீர்கள். எஃப்எஃப்எம்பெக்கை உள்ளே வைத்திருக்கிறது என்றால் மட்டும் போதாது, எந்த ஆண்டின் எஃப்எஃப்எம்பெக் என்றும் பார்க்க வேண்டும்.

ஏவிஎஸ்டுடிவிடி விண்டோஸில் மட்டும் ஓடும். தரத்தில் அக்கறை உள்ளவர்களுக்கு நல்ல தேர்வு, அமைப்புகள் நிறைய. ஆனால் அது படத்தைப் பிரிக்க ஏவிசிந்த் என்ற வீடியோ நிரல் வழியாகப் பல துணைக் கருவிகளை நம்பும். அதில் ஒன்று பிசகினால் நீங்கள் மறுபடி பழைய இடத்துக்கே வந்து நிற்பீர்கள்.

ஒரு தவறான எதிர்பார்ப்பையும் இங்கே முடித்துவிடலாம். ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் கருவியின் பெயரில் டிவிடி நினைவு ஒட்டிக்கொண்டிருப்பதால், அது டிவிடி உருவாக்கும் என்று நினைப்பவர்கள் உண்டு. அது டிவிடியிலிருந்து கோப்பு எடுக்கும். கோப்பிலிருந்து டிவிடி செய்யாது. விண்டோஸ் விஸ்டாவிலும் 7-இலும் இருந்த டிவிடி மேக்கர் விண்டோஸ் 8-இலிருந்து இல்லை, அதைத் தேடியும் நேரம் போக்க வேண்டாம்.

நடுவில் ஒரு கோப்பு செய்துகொள்வது

டிவிடி மென்பொருளை மாற்ற முடியாத நிலை சிலருக்கு இருக்கும். பணம் கொடுத்து வாங்கியது, மெனு வடிவங்கள் அதிலேயே செய்து வைத்திருப்பது, வேறொன்றைக் கற்க நேரமில்லாதது. அப்போது சிக்கலான கோப்பை முதலில் அந்த மென்பொருள் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கும் வடிவத்துக்கு மாற்றி, பிறகு அதற்குள் கொடுப்பது நடைமுறையான வழி.

இதில் பலர் செய்யும் தவறு, நடுக்கோப்பைச் சிறியதாக எக்ஸ்விட்டாகவோ குறைந்த பிட்ரேட் எம்பி4 ஆகவோ செய்வது. அப்படிச் செய்தால் படம் இரண்டு முறை நசுங்கும்: நடுவில் ஒரு முறை, எம்பெக்-2 ஆகும்போது இன்னொரு முறை. இருட்டுக் காட்சிகளில் கட்டம் கட்டமாகத் தெரிவதற்கு இதுவே பாதிக் காரணம். நடுக்கோப்பு இழப்பில்லாததாக, அல்லது அதற்கு மிக அருகில் இருக்க வேண்டும். அதற்கு இடம் வேண்டும். சுருக்கவே சுருக்காத 720-க்கு 576 படம், 25 ஃப்ரேம் வேகத்தில், ஒரு மணி நேரத்துக்கு 56 ஜிபி அளவுக்குப் போகும். இழப்பில்லாமல் சுருக்கும் ஹஃப்ஒய்யுவி, யூடி வீடியோ போன்றவை அதைப் பெருமளவு குறைக்கும். ஆனாலும் கோப்பு பெரிதாகத்தான் இருக்கும். மேலும், அந்தக் கோடெக்கை உங்கள் டிவிடி மென்பொருளும் அறிந்திருக்க வேண்டுமே! அங்கேதான் வேடிக்கை: கோடெக் சிக்கலைத் தவிர்க்க வந்து மறுபடி ஒரு கோடெக் நிறுவ வேண்டியதாகிறது. பழைய மென்பொருள்கள் பெரும்பாலும் நேரடியாக ஏற்கும் டிவி (DV) ஏவிஐ வடிவம் இந்த இக்கட்டிலிருந்து தப்பிக்க நல்ல வழி. அது ஒரு மணி நேரத்துக்கு 13 ஜிபி அளவில் நிற்கும், நிறத்தில் சிறிது இழப்பு இருக்கும்.

இந்த வழிக்கு ஒரு தனி நன்மை உண்டு. ஃப்ரேம் வேகத்தைச் சீராக்குவது, ஒலியை 48 கிலோஹெர்ட்ஸுக்கு மாற்றுவது, 10 பிட் படத்தை 8 பிட் ஆக்குவது எல்லாவற்றையும் இந்தக் கட்டத்திலேயே முடித்துவிடலாம். டிவிடி மென்பொருளுக்குக் குழம்புவதற்கு ஒன்றும் மிஞ்சாது. கைபேசியில் எச்டிஆர் (வெளிச்சமும் நிறமும் விரிந்த) முறையில் எடுத்த படமாக இருந்தால் இன்னும் கவனம் தேவை. டிவிடிக்கு எச்டிஆர் தெரியாது. நிற அளவைச் சரியாக இறக்காமல் மாற்றினால் படம் வெளுத்துச் சாம்பல் பூத்தது போல வரும், அதைக் கோடெக் கோளாறு என்று நினைத்து அலைவோம்.

நாமே எம்பெக்-2 ஆக்கி, மென்பொருளுக்கு அடுக்கும் வேலை மட்டும் கொடுப்பது

நான் தனிப்பட்ட முறையில் செய்வது இதுதான். எஃப்எஃப்எம்பெக்கைக் கட்டளை வரியில் அழைத்து, இலக்கு "பால் டிவிடி" அல்லது "என்டிஎஸ்சி டிவிடி" என்று ஒரே சொல்லில் சொன்னால், மற்ற சட்டங்களை அதுவே பார்த்துக்கொள்ளும். பால் என்றால் 720-க்கு 576, 25 ஃப்ரேம், சராசரி 6 மெகாபிட், உச்சம் 9 மெகாபிட், ஒலி ஏசி-3 ஆக 448 கிலோபிட், 48 கிலோஹெர்ட்ஸ். மாறும் ஃப்ரேம் வேகமும் இதிலேயே சீராகிவிடும். வெளிவரும் எம்பிஜி கோப்பை ஆத்தரிங் மென்பொருளிடம் கொடுத்தால், மெனு வைத்து, ஐஎஃப்ஓ, விஓபி கோப்புகளாக அடுக்கித் தரும்.

கட்டளை வரி என்றதும் பயப்படுபவர்களுக்கு: ஒரு முறை எழுதி, உரைக் கோப்பில் சேமித்து வைத்தால், அடுத்த முறை கோப்புப் பெயரை மட்டும் மாற்றினால் போதும். பத்து பொத்தான்களைத் தேடி அழுத்துவதைவிட இது எளிது என்பது என் கருத்து. ஒத்துக்கொள்ளாதவர்களும் இருப்பார்கள்.

ஆனால் அந்த ஒற்றைச் சொல்லை முழுதாக நம்பிவிடவும் கூடாது. எம்பெக்-2 படம் டிவிடியில் 4:3 அல்லது 16:9 என்ற இரண்டு வடிவ விகிதங்களைத்தான் அறியும். மூலக் கோப்பு 16:9 என்றால் எல்லாம் தானாகச் சரியாகும். செங்குத்தாக எடுத்த கைபேசி வீடியோ, 2.35:1 திரைப்பட அகலம் போன்றவை என்றால், கருப்புப் பட்டை சேர்க்கும் ஃபில்டரை நீங்களே சொல்ல வேண்டும். இல்லையேல் முகங்கள் சப்பையாகவோ கம்பாகவோ வந்து நிற்கும்.

பிட்ரேட்டும் உங்கள் கணக்கே. ஓரடுக்கு வட்டின் கொள்ளளவு 4.7 ஜிபி என்று உறையில் போட்டிருக்கும். அது 470 கோடி பைட். கணினி கணக்கிடும் முறையில் 4.37 ஆகத் தெரியும், ஏமாற்று ஒன்றுமில்லை. இரண்டு மணி நேரப் படத்துக்கு அதைப் பங்கிட்டால், படமும் ஒலியும் சேர்த்து நொடிக்கு 5.2 மெகாபிட் கிடைக்கும். அப்படியானால் இயல்பான 6 மெகாபிட் பொருந்தாது, 4.6-க்கு இறக்க வேண்டும். ஒன்றரை மணி நேரம் வரை கவலையில்லை. மூன்று மணி நேரம் என்றால் மொத்தமே 3.5 மெகாபிட்டுக்கும் கீழே போகும், படம் மங்கும். அப்போது இரண்டு பாஸ் முறையில் மாற்றுவது பலன் தரும். முதல் சுற்றில் எந்தக் காட்சி கனமானது என்று பார்த்து வைத்துக்கொண்டு, இரண்டாம் சுற்றில் பிட்களைப் பங்கிடும். நான்கு மணி நேரத்தை ஒரே வட்டில் திணிக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், அகலத்தைப் பாதியாக்கி 352-க்கு இறக்குவது நல்லது. டிவிடி சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது. முழு அகலத்தில் கட்டம் கட்டமாகத் தெரிவதைவிடச் சற்று மங்கலாக இருப்பது கண்ணுக்கு இதம்.

30 ஃப்ரேமில் எடுத்த படத்தை 25-க்கு இறக்கும்போது நொடிக்கு ஐந்து ஃப்ரேம் காணாமல் போகும். பக்கவாட்டில் கேமரா நகரும் காட்சிகளில் அந்த வெட்டு தெரியும். உங்கள் ப்ளேயரும் டிவியும் என்டிஎஸ்சியை ஏற்றால் அப்படிப்பட்ட கோப்புகளுக்கு அதையே தேர்ந்தெடுங்கள். பால் நாடுகளில் விற்கும் ப்ளேயர்கள் பெரும்பாலும் இரண்டையும் ஓட்டும். எதிர்த்திசையில் அந்தத் தாராளம் குறைவு.

பழைய கேமராவிலிருந்து வந்த இன்டர்லேஸ் படம் (ஒவ்வொரு ஃப்ரேமும் ஒன்றுவிட்ட கோடுகளாலான இரண்டு ஃபீல்டுகளாகப் பிரிந்திருப்பது) என்றால் ஃபீல்டு வரிசையைப் பாருங்கள். டிவி (DV) கேமராக் கோப்பில் கீழ் ஃபீல்டு முதலில் வரும். அதை மேல் ஃபீல்டு என்று குறித்து மாற்றிவிட்டால், அசையும் எல்லாம் முன்னும் பின்னும் உதறும். கணினித் திரையில் இது அவ்வளவாகத் தெரியாது, டிவியில் தலை சுற்றும்.

இந்த வழியில் இன்னொரு குழி: நீங்கள் பாடுபட்டுச் செய்த எம்பிஜி கோப்பைச் சில ஆத்தரிங் மென்பொருள்கள் மறுபடி ஒரு முறை எம்பெக்-2 ஆக்கிவிடும். தரமும் போகும், நேரமும் போகும். டிவிடிஸ்டைலரில் ஒவ்வொரு படத்துக்கும் "நகலெடு" என்று வைக்க வழி இருக்கிறது. மற்றவற்றில் நேரத்தைக் கவனியுங்கள். ஒன்றரை மணி நேரப் படம் சில நிமிடங்களில் அடுக்கப்பட்டால் அது வெறும் நகல். ஒரு மணி நேரமாக ஓடிக்கொண்டே இருந்தால் அது உங்கள் கோப்பை மறுபடி அரைத்துக்கொண்டிருக்கிறது.

டிவிடி வீடியோவே செய்யாமல் விடுவது

ப்ளேயரின் முகப்பில் டிவ்எக்ஸ் முத்திரையோ யுஎஸ்பி துளையோ இருந்தால், மாற்றமே தேவையில்லாமல் போகலாம். டிவ்எக்ஸ் ப்ளேயருக்கு ஏவிஐ கோப்புகளை வெறும் தரவு வட்டாக எழுதிக் கொடுத்தால் போதும்; ஒரு வட்டில் ஐந்தாறு படம் அடங்கும். ஆனால் பழைய டிவ்எக்ஸ் ப்ளேயருக்கு எச்.264 தெரியாது, எச்.265 பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆக உங்களிடம் இருப்பது புதிய கோப்பு என்றால் எப்படியும் ஒரு மாற்றம் உண்டு, மெனுவும் கிடையாது. கோப்புகள் ஏற்கெனவே எக்ஸ்விட் ஏவிஐ ஆக இருந்தால் மட்டும் இந்த வழி கணக்குக்கு ஒத்துவரும். வட்டை வாங்கப் போகிறவரிடம் எந்த ப்ளேயர் இருக்கிறது என்று தெரியாவிட்டால் இதை மறந்துவிடுங்கள்.

ஆக, யாருக்கு எது? ஒரே ஒரு வட்டு, சீக்கிரம் வேண்டும் என்றால் டிவிடிஸ்டைலர். நிறைய கோப்புகள், எல்லாம் கைபேசியில் எடுத்தவை, தரமும் முக்கியம் என்றால் எஃப்எஃப்எம்பெக்கில் எம்பெக்-2 ஆக்கி, ஆத்தரிங்கைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். பழைய மென்பொருளின் மெனுவை விட மனமில்லை என்றால் டிவி (DV) ஏவிஐ நடுக்கோப்பு. கோடெக் நிறுவுவது எனக்கு ஒரே ஒரு சூழலில்தான் நியாயமாகப் படுகிறது: பழைய கேப்சர் கார்டு (வீடியோவைக் கணினியில் பதிவு செய்யும் அட்டை) தனக்கே உரிய கோடெக்கில் எழுதி வைத்த ஏவிஐ, எஃப்எஃப்எம்பெக்குக்கும் அதைப் பிரிக்கத் தெரியவில்லை. அப்போதும் அந்தக் கார்டோடு வந்த அசல் கோடெக்கை மட்டும், முடிந்தால் வேறு வேலைக்குப் பயன்படாத கணினியில் நிறுவி, உடனே நடுக்கோப்பாக மாற்றி எடுத்துக்கொள்வேன்.

எந்த வழியில் போனாலும், பர்ன் செய்வதற்கு முன் டிவிடி கோப்புறையை விஎல்சியில் திறந்து பார்க்கச் சொல்வார்கள். பாருங்கள், மெனு வேலை செய்கிறதா, ஒலி ஒத்துப்போகிறதா என்று தெரியும். அதற்கு மேல் நம்பாதீர்கள். தொடக்கத்தில் எந்தக் கோப்பையும் ஓட்டிக் காட்டி நம்மை ஏமாற்றிய அதே தாராளம், முடிவிலும் சட்டம் மீறிய டிவிடியை ஓட்டிக் காட்டும். மீண்டும் எழுதக்கூடிய ஆர்டபிள்யூ வட்டு ஒன்றில் எழுதி, கையில் கிடைக்கும் ப்ளேயர்களிலேயே மிகப் பழையதில் போட்டுப் பாருங்கள். அது வட்டையே படிக்கவில்லை என்றால் உடனே கோப்பைச் சந்தேகிக்க வேண்டாம். ஆர்டபிள்யூ வட்டு ஒளியைக் குறைவாகத்தான் திருப்பி அனுப்பும், சில பழைய ப்ளேயர்களின் லேசருக்கு அது போதாது. அதே கோப்புறையைச் ஒரே முறை எழுதும் சாதாரண ஆர் (டிவிடி-ஆர்) வட்டு ஒன்றில், வேகத்தைக் குறைத்து எழுதிப் பாருங்கள். வட்டைப் படித்து, மெனுவும் காட்டிவிட்டு, படத்தில் குறிப்பிட்ட ஒரு கனமான காட்சி வரும்போதெல்லாம் திக்கினால் பிட்ரேட் உச்சத்தை 8 மெகாபிட்டுக்கு இறக்கி மறுபடி மாற்றுங்கள். கண்ட கண்ட இடத்தில், ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் திக்கினால், வட்டின் தயாரிப்பை மாற்றுங்கள்.